என்னைத் தொட்டது யார்? – பரிசுத்த பூமியில் ஏழு நாள்

முதல் நாள்: லோத் – திபேரியா

விமானம் இறங்கும் இடமே வேதாகம ஊர்தான். பென் குரியன் விமான நிலையத்தை ஒட்டிய லோத்தான் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் லித்தா. எட்டு வருஷமாய்க் கட்டிலில் கிடந்த ஒருவரைப் பேதுரு அங்கே கண்டார், "ஐனேயாவே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெரும்பாலான குழுக்கள் பெட்டி எண்ணும் அவசரத்தில் இந்த ஊரைக் கடந்துவிடும்.

இந்தப் பயணத்தில் இடங்களுக்கு முன்னால் ஆட்கள் வருகிறார்கள். வேதத்தில் யார் கண்ணில் யார் பட்டார்கள், யார் கண்ணில் படாமல் போனார்கள் என்பதே ஒவ்வொரு நாளின் வாசிப்பு. அதே இடத்தில் இன்று நம் கண்ணில் படாதவர் யார் என்பது அன்றன்றைய வேலை.

திபேரியாவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் ஆதியாகமம் 16ஐச் சத்தமாக வாசிக்கலாம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "ஆகார்" என்ற பேரை யார் யார் சொல்கிறார்கள் என்று மட்டும் கவனிக்க வேண்டும். சாராய் சொல்வதில்லை, ஆபிராமும் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் அவள் "அடிமைப்பெண்". கதைக்குள் அவளை முதன்முதலில் பேர் சொல்லி அழைப்பது வனாந்தரத்து நீரூற்றருகே வந்த தூதன். கூடவே "எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய்" என்று இரண்டு கேள்விகள். அதன் பிறகுதான் அவள் கர்த்தருக்கு "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பேரிடுகிறாள். வேதத்தில் தேவனுக்குப் பேர் வைத்தது ஓடிவந்த ஒரு அடிமைப்பெண். இந்த அதிகாரத்தை அவசரமாய்க் கடக்கவே கூடாது.

இனி வேலை. ஏழு நாளும் கூட வரப்போகிறவர் டிரைவர். வழக்கமாக வழிகாட்டியை மைக்கில் முழுப்பேரோடு அறிமுகம் செய்வார்கள். டிரைவர் "நம்ம டிரைவர்" என்பதோடு நின்றுவிடுவார். இதைத் திருத்த ஐந்து நிமிஷம் போதும். வண்டி கிளம்பும் முன் குழுத்தலைவர் அவர் பக்கத்தில் போய் நின்று பேரைக் கேட்க வேண்டும். திருப்பிச் சொல்லிக் காட்டி, உச்சரிப்பு சரிதானா என்று அவரையே கேட்க வேண்டும். பிறகு தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதி, குழுவிலுள்ள எல்லோருக்கும் காட்ட வேண்டும். எழுதாத பேர் மறுநாள் காலையில் மறந்துபோகும். இரண்டாம் முறை கேட்கக் கூச்சமாய் இருக்கும், மூன்றாம் நாளுக்குள் "பாஸ்", "பிரதர்" என்று ஆகிவிடும்.

இரண்டு அரபுச் சொற்றொடர்களைப் பேருந்திலேயே பழகிவிடலாம். பேர் கேட்க, ஆணிடம் "ஷூ இஸ்மக்?", பெண்ணிடம் "ஷூ இஸ்மிக்?". வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது "யஅதீக் அல்ஆஃபியே", பெண்ணென்றால் "யஅதீக்கி". கடவுள் உங்களுக்குச் சுகபலம் தரட்டும் என்று பொருள். பெருக்குகிறவர், சுமை தூக்குகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். இந்த ஊரில் வேலை செய்கிறவருக்கென்றே ஒரு வாழ்த்து இருக்கிறது. அதை விட்டுவிட்டு "ஹலோ" சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: மகதலா, கப்பர்நகூம்

காலையில் மகதலா. 2009இல் விருந்தினர் விடுதி கட்டுவதற்காகத் தோண்டியபோது முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்று இங்கே கிடைத்தது. அந்த இடத்தை ஒட்டிய புதிய ஆலயத்தின் முன்கூடத்தில் எட்டுத் தூண்கள் நிற்கின்றன. ஏழில் சுவிசேஷங்களில் வரும் பெண்களின் பேர்கள் இருக்கின்றன. எட்டாவதில் பேர் இல்லை. எல்லாக் காலத்திலும் விசுவாசத்தோடு வாழ்ந்த பெண்களுக்காக அதை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். குழுக்கள் பேருள்ள தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். பேரில்லாத தூணருகே இரண்டு நிமிஷம் நின்று, தன் விசுவாசத்துக்குக் காரணமான ஒரு பெண்ணின் பேரை ஒவ்வொருவரும் மெதுவாகச் சொல்லலாம். சபைக்கு வெளியே யாருக்கும் தெரியாத பேராக இருந்தால் இன்னும் நல்லது.

கீழ்த்தளத்துச் சிற்றாலயத்தின் தரையில் முதல் நூற்றாண்டுச் சந்தையின் கற்களே பாவியிருக்கின்றன. சுவர் முழுக்க ஒரே ஓவியம். அதில் ஒரு முகம்கூட இல்லை. செருப்பணிந்த கால்கள், அங்கிகளின் கீழ்விளிம்புகள், அவற்றுக்கு நடுவே தரையோடு தரையாக நீண்டு வரும் ஒரு கை. அந்தக் கையின் விரல் நுனி ஓர் அங்கியின் ஓரத்தைத் தொடும் இடத்தில் ஒளி. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத இரத்தப்போக்குள்ள, பெண்ணை ஓவியர் அவள் இருந்த உயரத்திலிருந்தே காட்டியிருக்கிறார். நின்றபடி பார்த்தால் இது அழகான ஓவியம், அவ்வளவுதான். கல்தரையில் உட்கார்ந்து பாருங்கள், கூட்டம் என்பது கால்களாகத் தெரியும். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு மற்றவர்கள் உட்காரலாம்.

உட்கார்ந்தபடியே மாற்கு 5:21 முதல் 43 வரை வாசிக்க வேண்டும், அந்தப் பெண்ணின் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. ஏனென்றால் நடுவில் ஜெப ஆலயத் தலைவர் யவீரு காத்துக்கொண்டு நிற்கிறார். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மரணத் தருவாய். இந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வருஷ நோய். யவீருவுக்குப் பேர் இருக்கிறது, பதவி இருக்கிறது, நேரே வந்து கேட்கும் துணிவும் இருக்கிறது. இவளுக்கு மூன்றும் இல்லை. லேவியராகமம் 15இன்படி தீட்டு, ஆகவே பின்னால் வந்து தொடுகிறாள்.

இயேசு செய்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் நின்றார். "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்டார். இவ்வளவு நெரிசலில் இதென்ன கேள்வி என்று சீஷர்கள் தடுத்தபோதும் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பன்னிரண்டு வருஷத்தைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்! கடைசியாக "மகளே" என்றார். குணமானது தொட்ட உடனேயே நடந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளை எல்லோர் முன்னிலையிலும் மறுபடி ஒரு குடும்பத்துக்குள் சேர்க்கும் வேலை.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த நேரத்துக்குள் யவீருவின் மகள் இறந்துபோனாள் என்று செய்தி வருகிறது. ஒருவருக்காக நின்றால் இன்னொருவர் காத்திருக்க வேண்டிவரும், அவர் வலியோடு காத்திருப்பார். இதை மறைத்துவிட்டு "எல்லோரையும் கவனியுங்கள்" என்று போதிப்பதில் உண்மை இல்லை. யவீருவையும் இயேசு விட்டுவிடவில்லை. செய்தி வந்த உடனே அவர் பக்கம் திரும்பி "பயப்படாதே" என்றார். நிற்கும்போது, காத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

மதியம் கப்பர்நகூம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஜெப ஆலயம் பிற்காலத்தது. அதன் அடியில் தெரியும் கருங்கல் அடித்தளமும் சுற்றியிருக்கும் வீடுகளின் சுவர்களும் உள்ளூர்க் கரும்பாறை. பேதுருவின் வீடு என்று போற்றப்படும் இடத்தின் மேல் 1990இல் கட்டிய ஆலயம் நிற்கிறது. அங்கே காய்ச்சலாய்க் கிடந்தவள் பேதுருவின் மாமியார். அவளுக்கும் பேர் எழுதப்படவில்லை. இயேசு "கையைப் பிடித்து" தூக்கிவிட்டார் என்று மாற்கு எழுதுகிறார். அறைக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போயிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. இதற்கு மேல் இன்று விளக்கம் வேண்டாம். வெயில் ஏறிவிடும், வயதானவர்களை நிழலுக்கு அழைத்துப் போவதுதான் அடுத்த வேலை. கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருப்பதால் கோடையில் புழுக்கம் தாங்க முடியாது.

மூன்றாம் நாள்: நாயீன், சூனேம்

நாசரேத்துக்குத் தெற்கே மோரே மலை. வடசரிவில் நாயீன், தென்பக்கத்தில் சூனேம், இன்றைய பேர் சூலம். இரண்டுமே சிறிய அரபுக் கிராமங்கள், பேருந்துகள் அதிகம் நிற்பதில்லை. நாயீனில் பிரான்சிஸ்கர்களின் சிற்றாலயம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டிவரும்.

நாயீன் விதவையின் கதை எல்லோருக்கும் தெரியும். வரிசையை மட்டும் கவனியுங்கள். கண்டார், மனதுருகினார், "அழாதே" என்றார், கிட்டவந்து பாடையைத் தொட்டார். எழுந்த பிள்ளையை அவன் தாயிடத்தில் ஒப்புவித்தார். லூக்கா 7இல் அவருடைய பார்வை இறந்தவன்மேல் விழுமுன் அவள்மேல் விழுகிறது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பிரேதத்தைச் சுற்றி நிற்கும்போது, ஓரமாக யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிப்போகும் பழக்கம் இங்கிருந்து வரவேண்டும்.

இன்றைய நாளின் பெரும்பங்கு மலையின் மறுபக்கத்துக்கு. 2 இராஜாக்கள் 4. சூனேமியாள் ஊர்வழியே வந்துபோகிற எலிசாவைக் கவனித்தவள். மேல்வீட்டில் ஒரு சிறு அறை, அதில் கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. நாலே பொருட்கள்தான். வந்தவருக்கு எது வேண்டும் என்று பார்த்து வைத்தவை.

எலிசாவோ அவளைக் கவனிக்கத் தடுமாறுகிறார். தீர்க்கதரிசியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேதம் இதை ஒளிக்காமல் வைத்திருப்பதால்தான் நமக்குப் பாடம் கிடைக்கிறது. அவள் எதிரே நிற்கும்போதே, "அவளிடம் சொல்" என்று வேலைக்காரன் கேயாசி மூலமாகப் பேசுகிறார். ராஜாவிடமோ சேனாபதியிடமோ உனக்காகப் பேசவேண்டுமா என்று கேட்கிறார். அவளுக்கு அது தேவையே இல்லை. "என் ஜனத்தின் நடுவே நான் சுகமாய்க் குடியிருக்கிறேன்" என்கிறாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பார்த்துச் சொன்னவன் கேயாசிதான். பெரியவர் கண்ணில் படாதது உதவியாளன் கண்ணில் பட்டுவிட்டது. எந்தச் சபையிலும் யார் வீட்டில் என்ன குறை என்பது போதகருக்கு முன் ஆலயம் திறந்து பெருக்குகிறவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்கிறோமா என்பதுதான் விஷயம்.

பிறந்த பிள்ளை வளர்ந்து இறந்துபோகிறது. அவள் கழுதையேறிக் கர்மேல் மலைக்கு விரைகிறாள். தூரத்திலேயே கண்ட எலிசா கேயாசியை ஓடவிட்டு, "நீ சுகமாயிருக்கிறாயா, உன் புருஷன் சுகமாயிருக்கிறானா, பிள்ளை சுகமாயிருக்கிறதா" என்று விசாரிக்கச் சொல்கிறார். கேள்வியில் பிள்ளையும் இருக்கிறது. அவளுடைய பதில்: "சுகந்தான்."

மடியில் பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டு வந்தவள் சொன்ன பதில் அது. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்துக்கொண்டே "சௌக்கியமா?" என்று கேட்கிறவர்களுக்குக் கிடைப்பதும் இதே பதில்தான். கேள்வியில் தப்பில்லை. கேட்கிறவர் ஓடிக்கொண்டிருக்கிறார், வேறொருவர் அனுப்பி வந்திருக்கிறார், மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்கிறார். அப்படிக் கேட்டால் யாரும் சுகந்தான் என்றே சொல்வார்கள். ஒருவர் நிஜமாகவே எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் ஒரே கேள்வி, நின்று கேட்க வேண்டும், பக்கத்தில் வேறு ஆள் இருக்கக் கூடாது. அவர் சுகந்தான் என்ற பிறகும் உடனே கிளம்பிவிடக் கூடாது. இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் வரும்.

அவள் எலிசாவின் காலைப் பிடித்துக்கொள்கிறாள். கேயாசி அவளைத் தள்ளிவிடக் கிட்டப் போகிறான். முன்பு அவள் குறையைக் கண்டுபிடித்த அதே கேயாசி! கண்ணுள்ளவனும் ஒழுங்கைக் காப்பாற்றும் பொறுப்பு வந்ததும் தள்ளுகிறவனாகிவிடுகிறான். ஆலயத்தில் வாலண்டியர் அட்டை மாட்டியவர்களும் குழுத்தலைவர்களும் இந்த வசனத்தைத் தனியாக வாசிக்க வேண்டும். எலிசா அவனைத் தடுத்துச் சொல்வதன் சாரம்: அவளை விடு, அவள் ஆத்துமா துக்கத்தில் இருக்கிறது, கர்த்தர் இதை எனக்கு அறிவிக்காமல் மறைத்தார். "எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு தீர்க்கதரிசி சொல்லுகிறார்.

பிறகு தன் தடியைக் கேயாசியிடம் கொடுத்து அனுப்புகிறார், பிள்ளைமேல் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவளோ நீர் வராமல் நான் போவதில்லை என்று நிற்கிறாள். கடைசியில் அவரே வந்து, கதவைப் பூட்டி, பிள்ளையின்மேல் வாயோடு வாய், கண்ணோடு கண், கையோடு கை வைத்துக் குப்புறப் படுத்தபோதுதான் உடம்பு சூடேறியது. அனுப்பிவைக்கும் கவருக்கும், வாட்ஸ்அப்பில் போடும் ஜெபக் கைகளுக்கும் அதற்குரிய இடம் உண்டு. ஆனால் தடி போய்ச் சேர்ந்தும் ஆள் போகாத வீடுகள் நம் கணக்கில் எத்தனை என்று இன்றிரவு எழுதிப் பார்க்கலாம்.

நான்காம் நாள்: யாக்கோபின் கிணறு

யாக்கோபின் கிணறு இருக்கும் நாப்லுஸ் நகரம் பாலஸ்தீன நிர்வாகத்துக்குட்பட்டது. இஸ்ரேலியக் குடிமக்கள் உள்ளே போக இஸ்ரேல் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே இஸ்ரேலிய வழிகாட்டி கூட வர முடியாது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். சோதனைச்சாவடி திறந்திருக்கிறதா என்று முந்தின இரவும், கிளம்பும் காலையிலும் விசாரிக்க வேண்டும். மூடியிருந்தால் பயணத்தை விட்டுவிடுவதே சரி.

கிணறு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காதைத் தீட்டினால், விழும் சத்தம் வரத் தாமதமாகும். "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்று சமாரியப் பெண் இயேசுவிடம் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை என்று அப்போது புரியும்.

இங்கே இயேசு கொடுத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை, தாகத்துக்குத் தா என்று கேட்டு ஆரம்பித்தார். கவனிக்கப்படாதவர்களை நோக்கி நாம் கையில் பையோடுதான் போகிறோம். கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கும். ஒரு உதவி கேளுங்கள்: வழி, ஒரு சொல்லின் உச்சரிப்பு, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டும் விதம். நிஜமாகத் தேவைப்படுவதைத்தான் கேட்க வேண்டும். தெரிந்தே கேட்பது நடிப்பு, அது எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும்.

சீஷர்களையும் மறக்க வேண்டாம். அவர்களும் அதே ஊருக்குள் போனார்கள், போஜனம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு ஆளையும் கூட்டி வரவில்லை. அவள் குடத்தை வைத்துவிட்டுப் போய் ஊரையே அழைத்து வந்தாள்.

கெரிசீம் மலைமேல் சமாரியர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அங்கேயும் டெல் அவீவை அடுத்த ஹோலோன் நகரிலுமாகச் சேர்த்தாலும் ஆயிரம் பேர் தேறாது. பஸ்காப் பலியை அந்த மலையில் இன்னும் செலுத்துகிறார்கள். "நல்ல சமாரியன்" என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்கிற நமக்கு, சமாரியர் என்று ஒரு ஜனம் உயிரோடு இருப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

ஐந்தாம் நாள்: எருசலேமிலிருந்து எரிகோவுக்கு

எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். ஒரே பயணத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம், காது அடைக்கும். வாதி கெல்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று பார்த்தால் பழைய வழி எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும். வளைவுக்கு வளைவு மறைவிடம், நிழல் கிடையாது. மழைக்காலத்தில் மேலே எருசலேமில் பெய்தால் கீழே திடீர் வெள்ளம் வரும், அந்த நாட்களில் பள்ளத்தாக்குக்குள் இறங்கவே கூடாது.

லூக்கா 10ஐ நல்ல சமாரியன் சத்திரம் என்று அழைக்கப்படும் இடத்தில் வாசிப்பார்கள். இப்போது அது மொசைக் அருங்காட்சியகம். ஆசாரியனும் கண்டான், லேவியனும் கண்டான், சமாரியனும் கண்டான். மூன்று பேர் கண்ணும் நன்றாகவே வேலை செய்தது. தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: காண்பது வேறு, கண்டுகொள்வது வேறு. "என்னை யாரும் கண்டுகொள்ளவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், யார் கண்ணிலும் படவில்லை என்று பொருள் அல்ல.

கண்டுகொண்டவன் செய்த வேலைகளை விரல் விட்டு எண்ணலாம். கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அன்றிரவு பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான், அது இரண்டு நாள் கூலி. திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொன்னான். பிறகு கிளம்பிவிட்டான்! தன் பிரயாணத்தை அவன் ரத்து செய்யவில்லை. வேலையைப் பங்கு போட்டான். எல்லாவற்றையும் ஒருவரே தலையில் போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் சலித்துப்போய்க் கைவிடுவார்கள், அது முதலிலேயே விலகிப்போனதைவிடக் கொடுமை. அப்புறம், அந்தச் சத்திரக்காரன். நாட்கணக்கில் புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டியிருக்கக் கூடியவன் அவன்தான். அவனைப் பற்றிப் பிரசங்கமே இல்லை.

அதே நெடுஞ்சாலையை ஒட்டித் தகரமும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் தெரியும். கான் அல்அஹ்மர் என்ற பெதுவீன் (அரபு நாடோடி மேய்ப்பர்) குடியிருப்பு. 1950களில் தெற்கேயுள்ள நெகேவ் பாலைவனப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜஹாலின் கோத்திரத்தார். பழைய டயர்களையும் மண்ணையும் கொண்டு 2009இல் கட்டிய பள்ளி ஒன்று அங்கே இருக்கிறது. குடியிருப்பை இடிக்க 2018இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது, வழக்கும் வாதமும் பல வருஷங்களாக நீண்டன. உவமையை வாசித்து முடித்து வண்டியேறி, சில நிமிஷத்துக்குள் இந்தக் குடிசைகளைக் கடக்கிறோம். அழைப்பில்லாமல் கேமராவோடு உள்ளே இறங்குவதும் தப்பு. வழிகாட்டியிடம் அந்த இடத்தின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைய மாலை ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்லுவது தொடக்கம்.

எரிகோவில் இரண்டு பேர். பர்திமேயு வழியருகே உட்கார்ந்து கூப்பிட்டார், கூட்டம் அதட்டியது. இயேசு நின்றார். தாமே போய்த் தூக்கிவிடாமல், அவரை அழைத்து வரும்படி சொன்னார். அதட்டிய அதே வாய்களால் "திடன்கொள், எழுந்திரு" என்று சொல்லவைத்தார். ஒரு மனிதரைக் கவனிக்காத கூட்டத்தையே அவரை அழைத்துவரும் கூட்டமாக மாற்றுவது இதுதான். அதற்குப் பிறகு "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்ற கேள்வி. கண் தெரியாதவரிடம் வேறென்ன கேட்பார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல இடம் கொடுத்தார்.

இன்னொருவர் சகேயு. பணக்காரர், ஊரார் வெறுத்த ஆயக்காரர். காட்டத்தி மரத்தின் கிளைகள் தாழ்வாகப் பரந்திருப்பதால் குள்ளமானவரும் ஏறலாம். எரிகோவில் அப்படிப் பழைய மரம் ஒன்றைக் காட்டுவார்கள். கவனிக்கப்படாதவர் என்றால் ஏழை என்றே நினைத்துக்கொள்கிறோம். காசு எண்ணுகிறவர், கண்டிப்பான மேலாளர், சபையில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர் வீட்டுக்கும் சாப்பிட யாரும் போவதில்லை.

ஆறாம் நாள்: பெதஸ்தா

எருசலேமின் சிங்க வாசலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் சிலுவைப்போர்க் காலத்துப் புனித அன்னாள் ஆலயம், பக்கத்தில் பெதஸ்தா குளத்தின் இடிபாடுகள். ஆலயத்துக்குள் எழும் குரல் பல விநாடிகள் நின்று முழங்கும். குழுக்கள் வரிசையாகக் காத்திருந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகும். மெதுவான பாட்டாகத் தெரிந்தெடுங்கள், வேகமான பாட்டு எதிரொலியில் குழம்பிவிடும்.

குளத்தைப் பார்க்கப் படிகள் இறங்க வேண்டும். கல், சில இடங்களில் வழுக்கும். ஒவ்வொரு குழுவிலும் மூட்டு வலியுள்ளவர் ஒருவர் "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று மேலே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கீழே நின்று மற்றவர்கள் யோவான் 5ஐ வாசிப்பார்கள்: "என்னைக் குளத்தில் கொண்டுபோய்விடுகிறதற்கு ஒருவருமில்லை." முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவர் சொன்ன அந்த வார்த்தை மேலே இருப்பவர் காதில் விழாது.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. வாசிப்பை மேலேயே, அந்தப் பெஞ்சைச் சுற்றி நின்று செய்யலாம். பிறகு இறங்க முடிந்தவர்கள் இரண்டு பிரிவாக இறங்க, ஒரு பிரிவு மேலே அவரோடு இருக்கலாம். கீழிருந்து படம் எடுத்து வந்து காட்டுவதைவிட, கூட உட்கார்ந்திருப்பது நல்லது. "பரவாயில்லை, போங்க" என்பதை முதல் முறையே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு "சுகந்தான்"தான். இரண்டாம் முறையும் போகச் சொன்னால் போய்விடலாம். தனியாக இருக்க விரும்புகிறவரைச் சுற்றி உட்கார்வதும் தொல்லை.

ஐந்து மண்டபங்களிலும் நோயாளிகள் நிறையக் கிடந்தார்கள். இயேசு ஒருவரிடம் பேசினார் என்றுதான் எழுதியிருக்கிறது. மற்றவர்கள்? இதற்கு எளிதான பதில் இந்தப் பக்கத்தில் இல்லை. அவர் ஒருவரைத் தெரிந்தெடுத்தார், வெகுகாலமாகக் கிடக்கிறார் என்று அறிந்தார், விருப்பத்தைக் கேட்டார். குணமானவர் நன்றி சொன்னதாகவும் எழுதப்படவில்லை. யார் குணமாக்கினார் என்று அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார், அதனால் இயேசுவுக்குத் தொல்லை வந்தது. நாம் கண்டுகொண்டவர்கள் எல்லோரும் நம்மைக் கண்டுகொள்வார்கள் என்று எதிர்பார்த்து இறங்கினால் முதல் மாதத்திலேயே மனம் கசந்துபோகும்.

ஏழாம் நாள்: தெற்குப் படிக்கட்டு

எருசலேம் தேவாலயத்துக்கு ஏறிய தெற்குப் படிகள் 1967க்குப் பிறகு நடந்த அகழாய்வில் வெளிப்பட்டன. அகலமான படி, குறுகலான படி என்று மாறி மாறி வரும். வேகமாக ஏறினால் கால் தப்பும். கீழே பார்த்து மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

இங்கே உட்காருங்கள். மாற்கு 12:41இல் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எக்காள வடிவில் பதின்மூன்று பெட்டிகள் இருந்ததாகப் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. காணிக்கை போட்ட ஏழை விதவையைப் பார்க்க முடிந்ததற்கு அவர் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம். இருபது நிமிஷம், போன் பைக்குள். முதல் ஐந்து நிமிஷம் கட்டடம்தான் தெரியும். பத்தாவது நிமிஷத்துக்கு மேல் ஆட்கள் தெரிவார்கள்: குப்பை பொறுக்குகிறவர், நுழைவுச்சீட்டு கிழிப்பவர், பள்ளிப் பிள்ளைகளை எண்ணி எண்ணித் தவிக்கும் ஆசிரியை. பார்ப்பது வெறித்துப் பார்ப்பதாகிவிடக் கூடாது. கண் சந்தித்தால் தலையசைத்துவிட்டுத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

"ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசை" அவள் போட்டதை இயேசு சீஷர்களுக்குச் சொன்னார், அவளை மேடையேற்றவில்லை. அதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டித்திருந்தார். அந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால், கடைசிக் காசுவரை ஒரு விதவை கொடுக்க வேண்டிவந்தது ஏன் என்ற கேள்வியும் எழும். காணிக்கைப் பிரசங்கத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிடுகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

13:1 வரை வாசித்து நிறுத்துங்கள். அவளைச் சுட்டிக்காட்டிய அடுத்த நிமிஷமே ஒரு சீஷன் கல்லைப் பார்த்து வியக்கிறான், கட்டடத்தைப் பார்த்து வியக்கிறான். அந்தக் கற்களில் சில மேற்குச் சுவரின் தென்கோடியில், கி.பி. 70இல் விழுந்த குவியலாக இன்னும் கிடக்கின்றன.

கடைசி ஏற்பாடு ஒன்று இன்றிரவுக்கு. வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் சேர்த்துப் பணம் திரட்டுவது எல்லாக் குழுக்களிலும் உண்டு. அறை துடைத்தவர், காலையில் தட்டு எடுத்தவர் பேரில் பெரும்பாலும் ஒன்றும் இராது. தனித்தனி உறை, ஒவ்வொன்றின் மேலும் கேட்டுத் தெரிந்துகொண்ட பேர், உள்ளூர் ஷேக்கல் நோட்டாக. வரவேற்பு மேஜையில் மொத்தமாக விட்டுவிட்டு வந்தால் போய்ச் சேராமல் போகலாம். கையில் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பார்க்க வேண்டியதில்லை. அறை துடைப்பவர்கள் காலை ஷிஃப்டில்தான் இருப்பார்கள், விமானம் அதிகாலை என்றால் முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும்.

பேருந்து குப்பைமேட்டு வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஏறும்போது டிரைவரின் பேரைச் சொல்லி "யஅதீக் அல்ஆஃபியே" என்றால், "அல்லா யஆஃபீக்" என்று பதில் வரும்.